எண்பது கிலோ தன்னம்பிக்கை

மனிதகுலம் இதுவரை தூக்கிய எடைகள் அனைத்தும் முதலில் மனதில் தூக்கப்பட்டு, அதன் பிறகே கைக்கு மாற்றப்பட்டன. கை வெறும் கிளை அலுவலகம். தலைமை அலுவலகம் மனம். இந்த மாபெரும் உண்மையைக் கண்டுபிடித்தவர் ஒரு காகித நிறுவனத்தின் பயிற்சிப் பிரிவுத் துணை மேலாளர். கண்டுபிடிக்கும்வரை அவர் எதையும் தூக்கியதில்லை. கண்டுபிடித்த பிறகு அதற்கு அவசியமும் ஏற்படவில்லை.

பத்தொன்பது ஆண்டுகளாக அந்த நிறுவனத்து ஊழியர்களுக்குத் தன்னம்பிக்கை 'வழங்குவது' அவருடைய உத்தியோகம். மாதம் இரண்டு வகுப்பு. வகுப்புக்கு நாற்பது முறையாவது "முடியும்!" என்பார். அதனால் 'முடியும் சார்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. பின்வரிசைக்காரர்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு "எப்ப முடியும் சார்?" என்று முனகுவதை, தன்னைப் பெயர் சொல்லிப் பாசமாகக் கூப்பிடுவதாகவே அவர் எடுத்துக்கொண்டார். தலையில் முடியும் இல்லை என்பதற்காகத்தான் அந்தப் பெயர் என்று இளைய எழுத்தர்கள் வேறொரு உரை சொன்னார்கள். பெரிய தத்துவங்களுக்குப் பல உரைகள் இருப்பது வழக்கம்தானே. இந்த விவரமெல்லாம் பின்னாளில் அவரே வாய்விட்டுச் சொல்லிச் சிரித்ததால்தான் நமக்குக் கிடைத்தது. எனவே அவரை அவமதிப்பதாக யாரும் நினைக்க வேண்டாம். அந்தப் பொறுப்பை அவரே ஏற்றுக்கொண்டுவிட்டார்.

நிறுவனத்தின் கிடங்கு மூன்று மாடிக் கட்டடம். அதில் சரக்கு லிஃப்ட் ஒன்று எட்டு மாதமாக 'ஓய்வில்' இருந்தது. ஆறு சுமைப் பணியாளர்கள், ஒவ்வொன்றும் முப்பத்தைந்து கிலோ எடையுள்ள காகிதப் பெட்டிகளைத் தோளில் வைத்துக்கொண்டு அறுபத்துநான்கு படி ஏறிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் படியில் சறுக்கி விழுந்து, முதுகு பிடித்துக்கொண்டு, ஆறு வாரமாகப் படுத்த படுக்கை. மீதி ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டு ஒரு மனு கொடுத்தார்கள். இரண்டே வரி: "லிஃப்டைச் சரிசெய்து தரும்படி கேட்டுக்கொள்கிறோம். எங்களால் முடியவில்லை."

நிர்வாக இயக்குநர் மனுவை ஆழ்ந்து படித்தார். கடைசிச் சொல்லின் கீழ் சிவப்பு மையில் கோடு போட்டார். 'மனப்பான்மைக் குறைபாடு. ஆவன செய்க' என்று ஓரத்தில் எழுதி, பயிற்சிப் பிரிவுக்கு அனுப்பிவைத்தார்.

முடியும் சார் ஆவன செய்தார். கிடங்கின் மூன்றாம் மாடியில், 'உங்களுக்குள் இருக்கும் லிஃப்ட்' என்ற தலைப்பில் ஒரு சிறப்பு வகுப்பு. அந்த அறுபத்துநான்கு படிகளை வெறுங்கையோடு ஏறிவந்தவர், நான்கு நிமிடம் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். அதற்கு 'மௌனப் பயிற்சி' என்று பெயர் சூட்டினார். பிறகு ஆரம்பித்தார்.

"பெட்டி எங்க இருக்கு?"

"இதோ, உங்க கால்கிட்டதான் சார்" என்றார் மேஸ்திரி. ஐந்து பேரில் மூத்தவர், அவர்களுக்காகப் பேசுகிறவர்.

"இல்லை! பெட்டி உங்க மனசுல இருக்கு!"

மேஸ்திரி சற்று யோசித்தார். "அப்ப இனிமே மனசுல இருக்கறதை மட்டும் மேல ஏத்திட்டு, மத்த பெட்டிங்களைக் கீழயே விட்டுடலாமா சார்?"

"அப்படி இல்லை. 'முடியும்'னு மனசு சொல்லிட்டா, பெட்டி தானா வரும்."

"சரி சார். ஒரே ஒரு தடவை நீங்க தூக்கிக் காட்டுங்க. பாத்துக் கத்துக்கறோம்."

கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார். அதுதான் வம்பாகப் போயிற்று. முடியும் சார் குனிந்தார். 'செய்முறை விளக்கம், பெட்டியின் ஒத்துழையாமை காரணமாக ஒத்திவைக்கப்பட்டது' என்று அன்றைய பதிவேடு சொல்கிறது. பெட்டி இம்மியும் நகரவில்லை. நகர்ந்தது அவருடைய பேன்ட்டின் பின்பக்கத் தையல்தான்.

யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். சிரித்திருந்தால்கூடச் சமாளித்திருப்பார், அந்தத் தண்ணீரைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை.

"மூணு மாசம்!" என்று முழங்கினார். "மூணு மாசத்துல நம்ம வெள்ளிவிழா. அந்த மேடையில தன்னம்பிக்கையை மட்டும் வச்சு எண்பது கிலோ தூக்கிக் காட்டறேன்!"

எண்பது எங்கிருந்து வந்தது? அன்று காலை மருந்துக்கடை எடை இயந்திரத்தில் ஏறி நின்றபோது அது காட்டிய எண். அவசரத்தில் அவருக்கு ஞாபகம் வந்த ஒரே கிலோ அதுதான். மாலைக்குள் செய்தி நிர்வாக இயக்குநரை எட்டியது. மறுநாள் நோட்டீஸ் அச்சாகி, கழிவறைக் கதவு வரை ஒட்டப்பட்டது.

வீட்டில் மனைவிக்கு விஷயத்தைச் சொன்னார். அந்த அம்மாள் ஒரு நூலகர். சத்தம் போட்டால் 'உஷ்' என்று சொல்லியே பழகியவர் என்பதால் குரல் எப்போதும் தணிந்தே இருக்கும்.

"ஏங்க, எண்பது கிலோன்னா என்னன்னு தெரியுமா? உங்களை நீங்களே தூக்கணும்."

"அதைத்தான் நானும் சொல்றேன். தன்னைத் தானே உயர்த்திக்கறது!"

எலும்பு தேய ஆரம்பித்திருக்கிறது, எடை தூக்கிப் பழகுங்கள் என்று மருத்துவர் அந்த அம்மாளுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்து ஒரு மாதமாகியிருந்தது. பயந்துகொண்டு ஜிம்முக்குப் போகாமல் இருந்தார். இனி துணைக்கு ஆள் இருக்கிறதே என்று இருவருமாகக் கிளம்பினார்கள். மனைவிக்குத் தன்னம்பிக்கை ஊட்டுவதற்காகவே தான் கூட வருவதாக முடியும் சார் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

டயர் கடைக்கு மேலே இருந்தது அந்த ஜிம். நடத்துகிறவர் ஓய்வுபெற்ற விளையாட்டு ஆசிரியை. எல்லோருக்கும் 'டீச்சர்'. கழுத்தில் விசில், கையில் கோடு போட்ட நோட்டு. சுவரில் வாசகங்கள், படங்கள் ஒன்றும் கிடையாது. 'தூக்கியதை எடுத்த இடத்தில் வைக்கவும்' என்று ஒரே ஒரு அறிவிப்பு. அதைப் பார்த்ததுமே முடியும் சாருக்கு அந்த இடத்தின் மேல் மதிப்புக் குறைந்துவிட்டது.

"டீச்சர், என் முறை கொஞ்சம் வேற. நான் முதல்ல மனசைத் தயார்படுத்துவேன்."

"தாராளமா சார். தயாரானதும் சொல்லுங்க. அதுவரைக்கும் கை சும்மாதானே இருக்கு, இந்தக் கம்பியைப் பிடிங்க."

முதல் நாள் மனைவி பன்னிரண்டு கிலோ, அவர் பதினைந்து. டீச்சர் இரண்டையும் நோட்டில் எழுதினார். "பதினஞ்சா? என் தகுதிக்கு இது ஒரு நம்பரா?" என்று முடியும் சார் மனம் நொந்தார். மூன்றாம் நாளிலிருந்து அவர் ஜிம்முக்குப் போகவில்லை. 'இல்லப் பயிற்சி' முறைக்கு மாறிவிட்டார்.

இல்லப் பயிற்சி என்பது இது: சோபாவில் சாய்ந்து, கண்ணை மூடி, மனதுக்குள் தூக்குவது. தூக்கிய எடையைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிய அட்டவணையில் குறித்துவைப்பார். முதல் வாரம் அறுபது கிலோ. மூன்றாம் வாரம் நூறு. முன்னேற்றம் அவருக்கே பிரமிப்பாக இருந்தது. ஆறாவது வாரம் நூற்றைம்பதைத் தொட்டதும், சுளுக்கு ஏதும் விழுந்துவிடக் கூடாதே என்று இரண்டு நாள் ஓய்வு எடுத்துக்கொண்டார்.

மனைவியின் போக்கோ அவருக்குக் கவலை அளித்தது. தன்னம்பிக்கை சுத்தமாகக் கிடையாது. ஒவ்வொரு முறையும் கம்பிக்கு முன்னால் நின்று, "ஐயோ, என்னால முடியாது டீச்சர்" என்பார். "சரிம்மா, முடியலன்னா கீழ வச்சிடுங்க" என்பார் டீச்சர். கீழே வைப்பதற்கு முதலில் தூக்க வேண்டுமே! தூக்குவார். டீச்சர் எழுதிக்கொள்வார். பன்னிரண்டு, பதினான்கு, பதினேழு என்று போய் ஆறாவது வாரம் முப்பத்துநான்கு. அப்போதும் "என்னால முடியாது" நின்றபாடில்லை.

அந்த வாரத்தில்தான் துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பின்னால் தண்ணீர் கசிந்தது. இயந்திரத்தை நகர்த்தியாக வேண்டும். "நீ தள்ளிக்கோ. நூத்தம்பது தூக்கறவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா?" என்று அவர் எதிரே போய் நின்றார். கண்ணை மூடினார். மூச்சை இழுத்தார். மனதில் தூக்கினார். கண் திறந்தபோது இயந்திரம் இரண்டடி தள்ளி நின்றது.

"பாத்தியா!" என்றார், குரல் தழுதழுக்க.

"பாத்தேன்" என்றார் மனைவி, கையைத் துடைத்துக்கொண்டு. "கொஞ்சம் காலை எடுங்க, தரையைத் தொடைக்கணும்."

இயந்திரத்தை நகர்த்தியது யாருடைய கை என்பது மெல்ல உறைத்ததும், அன்று மாலை முடியும் சார் அட்டவணையைக் கிழித்தார். மறுநாள் ஜிம்மின் படியேறும்போது அவருடைய நடையில் பழைய மிடுக்கு இல்லை. வெள்ளிவிழாவுக்கு ஆறு வாரம் பாக்கி.

"டீச்சர், ஒரு சந்தேகம். நம்பிக்கைன்னு ஒண்ணு வேண்டவே வேண்டாமா?"

"வேணும் சார். யாரு இல்லன்னா?" டீச்சர் நோட்டைப் புரட்டி அவருடைய பக்கத்தைத் தேடினார். அதில் பதினைந்துக்குக் கீழே வெறும் கோடுகள். "போன வாரம் முப்பது தூக்கினோம், அப்ப இந்த வாரம் முப்பத்திரண்டைத் தொட்டுப் பாக்கலாம்னு ஒரு நெனப்பு வரும் பாருங்க, அவ்வளவுதான் நம்பிக்கை. உங்க வீட்டம்மாவுக்கு அது கையில இருக்கு. வாயிலதான் இன்னும் வரல. உங்களுக்கு..." என்று நிறுத்தி, விசிலை ஊதினார். "கம்பியைப் பிடிங்க."

பிடித்தார். பதினெட்டு. இருபத்திரண்டு. படியில் இறங்கும்போது தொடை நடுங்கும். சட்டை மாட்டக் கை உயராது. இருபத்தாறு, முப்பது. அலுவலகத்தில் நாற்காலியிலிருந்து எழும்போது தன்னையறியாமல் "அம்மா" என்பார். அவ்வளவு பெரிய தன்னம்பிக்கைக்காரர் வாயில் அப்படி ஒரு சொல் வருவதைக் கேட்டு எழுத்தர்கள் திகைத்தார்கள். விழாவுக்கு எட்டு நாள் இருக்கும்போது, நாற்பத்திரண்டு கிலோ தரையைவிட்டு எழும்பி இடுப்புவரை வந்தது. கண் இருட்டிக்கொண்டு வந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, முழங்கால் தடதடத்தது. கீழே வைத்தபோது 'தொம்'மென்று தரை அதிர்ந்து, டயர் கடைக்காரர் கீழேயிருந்து ஏதோ திட்டினார்.

டீச்சர் எழுதினார்: 42.

முடியும் சார் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார். பத்தொன்பது வருட உத்தியோகத்தில் அவர் பெயருக்கு நேராக எழுதப்பட்ட மிகப் பெரிய நிஜ எண் அது. வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. எதற்கு எது என்று பிரிக்கத் தெரியவில்லை.

"எண்பது வருமா டீச்சர்?"

"வரும் சார். ஒழுங்கா வந்தீங்கன்னா ஒண்ணரை வருஷத்துல."

"நோட்டீஸ் ஒட்டியாச்சே..."

"நோட்டீஸையா சார் தூக்கப் போறீங்க?"

விழா நாள். ஆயிரம் பேர் கொள்ளும் மண்டபம். மேடை நடுவில் வெல்வெட் விரிப்பு. அதன் மேல் பளபளக்கும் கம்பி. இரு முனையிலும் கறுப்புத் தட்டுகள், வெள்ளையில் கொட்டை எழுத்தில் '80 கிலோ'. முடியும் சார் ஒரு முடிவோடுதான் வந்திருந்தார். தூக்கிப் பார்ப்பது, முடியாமல் போவது, 'என்னால் முடிந்தது நாற்பத்திரண்டு' என்று மைக்கில் சொல்லிவிடுவது. அதையும் இரண்டு பக்கத்துக்கு உரையாக எழுதிச் சட்டைப் பையில் வைத்திருந்தார் என்பதிலிருந்து, பழக்கம் அவ்வளவு சுலபத்தில் விடாது என்று தெரிகிறது.

குனிந்தார். பிடித்தார். பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். கம்பி இடுப்பில் நிற்காமல் நெஞ்சுவரை பறந்து வந்தது. பின்பக்கமாக மல்லாந்து விழ இருந்தவர் எப்படியோ காலை ஊன்றி நின்றார்.

பிளைவுட்! உள்ளே காலியான பிளைவுட் தட்டு, அலுமினியக் குழாய்! எல்லாம் சேர்த்து நான்கு கிலோ தேறாது. ஆறு வாரத்துக்கு முன்பாக இருந்தால், "ஆஹா, என் மனோபலம்!" என்று நம்பி, ஆயுள் முழுக்க அந்தக் கதையை வகுப்பெடுத்திருப்பார். பாழாய்ப்போன அந்த நாற்பத்திரண்டு கிலோ அவருடைய கைகளுக்கு எடை என்றால் என்னவென்று சொல்லிக்கொடுத்துவிட்டது.

உண்மையைச் சொல்ல அவருக்கு முழுதாக ஒரு விநாடி கிடைத்தது. அந்த விநாடியில் அவர் செய்தது என்ன? முக்கினார்.

ஆமாம், முக்கினார். கண்ணைப் பிதுக்கினார். முழங்காலைத் தடதடக்கவிட்டார். நாற்பத்திரண்டைத் தூக்கியபோது உடம்பு தானாகச் செய்ததையெல்லாம் நான்கு கிலோவுக்கு ஒன்றுவிடாமல் நடித்துக் காட்டினார். மண்டபம் எழுந்து நின்று கை தட்டியது. முதல் வரிசையில் சுமைப் பணியாளர்கள் ஐந்து பேரும் எல்லோரையும்விடச் சத்தமாகத் தட்டினார்கள்.

நிர்வாக இயக்குநர் மைக்கைப் பிடித்தார். "எண்பது கிலோ! இதை லிஃப்டா தூக்கிச்சு? தன்னம்பிக்கை தூக்கிச்சு! இப்படி ஒரு சக்தி நம்மகிட்ட இருக்கும்போது கிடங்குக்கு லிஃப்ட் எதுக்கு? அந்தக் கோப்பை இன்னியோட மூடறேன்!"

மறுபடியும் கைதட்டல். முடியும் சார் கம்பியைக் கீழே வைத்தார். வெல்வெட்டில் அது பூனை உட்கார்ந்ததுபோல் சத்தமில்லாமல் அமர்ந்தது.

திரும்பி வரும் பேருந்தில் மனைவி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தார். மூன்று நிறுத்தம் தாண்டிய பிறகு தணிந்த குரலில், "கழுத்து நரம்பு புடைக்கல" என்றார்.

"என்னது?"

"நாற்பத்திரண்டுக்குப் புடைச்சுது. எண்பதுக்குப் புடைக்கல. அந்த ஒண்ணை மட்டும் நடிக்க வரல உங்களுக்கு."

"எனக்கே தூக்கினப்பறம்தான் தெரியும். நான் யார்கிட்டயும் எதுவும் சொல்லலையே..."

"அதைத்தாங்க நானும் கேக்கறேன். ஏன் சொல்லல?"

நாற்பது பாராட்டுச் செய்திகள் வந்திருந்த கைபேசியை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை முதல் வேலையாக நிர்வாக இயக்குநரின் அறைக்குப் போனார்.

"சார், ஒரு உண்மையைச் சொல்லணும். நேத்து நான் தூக்கினது எண்பது கிலோ இல்லை. யாரோ தட்டை மாத்திட்டாங்க."

"தெரியுமே" என்றார் இயக்குநர், நிமிராமலேயே. "நான்தான் செய்யச் சொன்னேன்."

"நீங்களா சார்?"

"பின்ன? உங்க வயசுல எண்பது கிலோவைத் தூக்கி முதுகு போச்சுன்னா, நாளைக்கு யாரு பதில் சொல்றது? கம்பெனிதானே? மனுஷன் முதுகு சார் அது, விளையாட்டு இல்லை."

தன் முதுகின் மேல் ஒரு நிர்வாகம் இவ்வளவு அக்கறை வைத்திருக்கும் என்று முடியும் சார் கனவிலும் நினைத்ததில்லை. மெல்லக் கேட்டார்: "அப்ப கிடங்குல இருக்கறவங்க முதுகு சார்?"

இயக்குநர் இப்போது நிமிர்ந்தார். கேள்வி அவருக்கு நிஜமாகவே புரியவில்லை.

"அவங்களுக்கு என்ன? அவங்களுக்குத்தான் நீங்க இருக்கீங்களே!"

முடியும் சார் நேராகக் கிடங்குக்கு வந்தார். தேநீர் இடைவேளை. ஐந்து பேரும் பெட்டிகளின் மேல் உட்கார்ந்திருந்தார்கள். அவரைக் கண்டதும் எழுந்தார்கள்.

"உக்காருங்க. நேத்து நான் தூக்கினது பொய். வெறும் பிளைவுட்."

"தெரியும் சார்" என்றார் மேஸ்திரி. "அந்தத் தட்டுங்களை மேடைக்கு ஏத்தினதே நாங்கதான். சுண்டுவிரல்ல மாட்டிக்கிட்டுப் போனோம்."

"தெரிஞ்சுமா அப்படிக் கை தட்டினீங்க?"

மேஸ்திரி தம்ளரைக் கீழே வைத்தார். "பத்தொன்பது வருஷமா உங்க வகுப்புல தட்டிட்டுதானே சார் இருக்கோம். உள்ள கனம் இல்லாததைத் தூக்கிப் பிடிக்கறது உங்களுக்கு நேத்துதான் மொதத் தடவை. எங்களுக்கு மாசத்துக்கு ரெண்டு தடவை."

சொன்ன விதத்தில் கோபமே இல்லை. முடியும் சார் தரையைப் பார்த்தார். கையெட்டும் தூரத்தில் ஒரு பெட்டி. குனிந்து, முழங்காலை மடக்கி, முதுகை நிமிர்த்தி, டீச்சர் சொல்லிக்கொடுத்தபடியே பிடித்தார். முப்பத்தைந்து கிலோ மேலே வந்தது. உண்மையாகவே வந்தது. ஐந்து பேரும் வாயைப் பிளந்தார்கள். அப்படியே படி ஏறத் தொடங்கினார். இருபத்திரண்டாவது படியில் தொடை மறுத்துவிட்டது. மேஸ்திரி பின்னாலிருந்து பெட்டியை வாங்கித் தன் தோளில் வைத்துக்கொண்டு, மீதி நாற்பத்திரண்டு படியையும் ஏறிப் போனார்.

படியில் உட்கார்ந்தபடியே முடியும் சார் ஒரு கடிதம் எழுதினார். தொழிலாளர் பாதுகாப்பு அலுவலருக்கு. அவர் வாழ்க்கையில் எழுதிய ஆச்சரியக்குறி இல்லாத முதல் கடிதம். பெட்டியின் எடை இவ்வளவு, படிகள் இத்தனை, ஒரு ஆள் ஒரு நாளைக்கு ஏறுவது இத்தனை முறை, படுக்கையில் கிடப்பவர் ஒருவர். 'நேரில் தூக்கிப் பார்த்துச் சொல்கிறேன்' என்று எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டார்.

இரண்டு வாரத்தில் அலுவலர் வந்தார், படிகளை எண்ணினார், லிஃப்டைச் சரிசெய்யச் சொல்லி நோட்டீஸ் கொடுத்தார். பயிற்சிப் பிரிவு 'மறுசீரமைக்கப்பட்டது'. அதாவது கலைக்கப்பட்டது. அதன் துணை மேலாளர் கிடங்கின் இருப்புச் சரிபார்ப்பாளராக 'உயர்த்தப்பட்டார்'. அவருடைய மேசையை மூன்றாம் மாடியில் போட்டார்கள்.

அடுத்த திங்கட்கிழமை லிஃப்ட் பழுதுபார்ப்பவர் கருவிப் பையோடு வந்தார். மூடியைத் திறந்து உள்ளே தலையை நுழைத்தார். தேய்ந்துபோன ஒரு பெல்டைக் கழற்றி எறிந்துவிட்டு வேறொன்றை மாட்டினார். நாற்பது நிமிடம்கூட ஆகவில்லை. லிஃப்ட் ஒரு முறை இருமிவிட்டு, பன்னிரண்டு பெட்டிகளைச் சுமந்துகொண்டு மேலே போனது. சுமைப் பணியாளர்கள் ஐந்து பேரும் அது போவதைக் கழுத்தை வளைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பழுதுபார்ப்பவர் கையைத் துடைத்தபடி பதிவேட்டில் கையெழுத்து வாங்க வந்தார்.

"ஏன் சார், சின்ன பெல்ட்தான். பதினோரு மாசமா யாருமே என்னைக் கூப்பிடலையே, இத்தனை நாள் இங்க என்ன பண்ணிட்டு இருந்தாங்க?"

பேனாவைத் திறந்துகொண்டிருந்த முடியும் சார் அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"என்னைக் கூப்பிட்டாங்க" என்றார்.